அந்த போன் அடிக்கக் கூடாது

கொரோனா ஓய்ந்து, ஆஸ்பத்திரியில் எல்லோரும் மறுபடி முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்த சமயம். திருவனந்தபுரத்தில் நடுத்தரமான ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஆள் பற்றாக்குறையால் வார்டில் ரத்தம் எடுப்பது, சோதிப்பது, ரத்த வங்கியைப் பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதனால் வாயும் கொஞ்சம் நீளம்.

பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். வயிற்றில் தேங்காய் அளவுக்குக் கட்டி. புற்று இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபினோ ஆறரைதான். ரத்தம் ஏற்றிவிட்டு ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கேதான் சிக்கல். அவர்கள் சேர்ந்திருந்த சபையில் பிறத்தியார் ரத்தத்தை ஏற்றக் கூடாதாம். வேதத்தில் விலக்கியிருக்கிறதாம்.

எனக்கு வந்ததே கோபம்! நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், அதே பைபிளை வாசிக்கிறவள். வார்டென்றும் பார்க்காமல் அவள் அப்பாவிடம், “பிள்ளையச் சாகவிட்டுட்டு அப்புறம் யாருக்காக ஜெபம் பண்ணப் போறீரு?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்தான் படுத்தபடியே சொன்னாள்: “அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. இது நானும் நம்புறதுதான்.”

மறுநாள் சர்ஜன் வந்தார். மலையாளி, பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மலையாளம் கலந்த தமிழில் அப்பாவிடமும் பெண்ணிடமும் பேசினார். “ரத்தம் இல்லாம செய்ய என்னால ஆனதெல்லாம் செய்வேன். பக்ஷே மோளுக்குப் பதினெட்டு ஆகல. டேபிள்ல உயிர் போற நிலை வந்தா நான் ரத்தம் கொடுப்பேன். மறைச்சு செய்ய மாட்டேன், அதான் இப்பவே சொல்றேன். சம்மதம் இல்லேன்னா வேற எடத்துக்கு எழுதித் தரேன்.”

அப்பா அழுதுவிட்டார். பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்ன போன எடத்துல எல்லாம் ‘அத அப்புறம் பாத்துக்கலாம்’னாங்கப்பா. மயக்கம் குடுத்துட்டு ஏத்திருவாங்கன்னு நமக்கே தெரிஞ்சுதுல்ல? இவங்க முகத்துக்கு நேரா சொல்றாங்க. நான் இங்கயே இருக்கேன்” என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். “அந்த நேரம் வராம பாத்துக்கோங்க டாக்டர். என் பங்க நான் செய்றேன்.”

கட்டி உடனே உயிரைக் குடிக்கிற ரகம் இல்லை என்பதால், உடம்பிலேயே ரத்தத்தை ஊறவைக்கச் சில வாரம் பொறுக்கலாம் என்று முடிவானது. தினம் ஊசி. இரும்புச்சத்து டிரிப் கட்டன் சாயா நிறத்தில் இறங்கும். “எங்க எஸ்டேட் தேயிலதானேக்கா?” என்று கேட்டுச் சிரிப்பாள். முருங்கைக்கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். அவள் கட்டிலில், ‘என்னைக் கேட்காமல் ரத்தம் எடுக்கக் கூடாது’ என்று டாக்டர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

அதை நான் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஒரு காலையில் வழக்கப்படி மூன்று டியூப் நிறைய எடுத்துவிட்டேன். அவள் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனையும் வேணுமாக்கா? இதுக்குத்தானே தினம் ஊசி குத்திக்கிட்டுக் கெடக்கேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை. லேபுக்கு வந்தேன். மெஷின் எடுத்துக்கொண்டது சில சொட்டு. மிச்சத்தைக் கழிவில் போட வேண்டும், இத்தனை வருஷமாகப் போட்டதுதான். அன்றைக்குக் கை வரவில்லை.

நேரே டாக்டரிடம் போய், நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “எனக்கும் அவங்க விசுவாசத்துல சம்மதம் இல்ல சேச்சி. பக்ஷே அந்தக் குட்டிகிட்ட இருக்கறது அந்த ரத்தம் மாத்திரம்தான்” என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே என்னை! பச்சைக் குழந்தைகளுக்கு எடுக்கிற குட்டி டியூபைத் தேடிப் பிடித்தேன். ரெண்டு சோதனை என்றாலும் ஒரே குத்தில் அரை மில்லி. தேவையில்லாமல் டெஸ்ட் எழுதுகிற பயிற்சி டாக்டர்களை, “நேத்து எடுத்ததுல என்ன கொற கண்டீங்க?” என்று விரட்டுவேன். எண் ஏறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டைத் தொட்ட அன்று, என் மகள் பாஸான மாதிரி மாடிப்படி ஏறிப் போய்ச் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று காலை அவளுக்குப் பொருந்துகிற ரத்தம் ரெண்டு பை எடுத்துத் தயாராக வைத்தேன். வைத்திருப்பது அந்தக் குடும்பத்துக்கும் தெரியும். தியேட்டரிலிருந்து போன் வந்தால் நான் ஓட வேண்டும்.

உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியே பார்த்தால், தியேட்டர் வாசலில் இருக்க வேண்டிய அவள் அப்பா ரத்த வங்கிக்கு எதிர் பெஞ்சில் இருக்கிறார். வெளியே போய், “தடுக்கவா இங்க வந்து இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. டாக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க பையோட ஓடுனா நான் வழி விடணும். அந்த நேரத்துல மனசு என்ன சொல்லுமோ, தெரியல. அதான் இப்பவே கால ஒதுக்கி வச்சுக்கிட்டு ஓரமா உக்காந்து பழகிக்கிறேன்” என்றார்.

நான் உள்ளே வந்தேன். கையில் ரத்தத்தை வைத்துக்கொண்டு, கர்த்தரே, இந்த போன் அடிக்கக் கூடாது என்று நான் ஜெபித்தது அன்றைக்குத்தான். அடித்தால் ஓடியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. ஒரு தடவை அடிக்கவும் செய்தது. பாய்ந்து எடுத்தால், யாரோ ஷுகர் ரிப்போர்ட் கேட்கிறார்கள். பாவம், அந்த நர்ஸை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

மதியம் மறுபடி அடித்தது. டாக்டர்தான். “சேச்சி, ரத்தம் வேண்டா. முடிஞ்சுபோச்சு. குட்டிக்குப் பிரச்னை ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்தேன். ரத்தம் வேண்டாம் என்று கையை அசைத்துக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், எனக்கென்ன வெட்கம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், தியேட்டர் பக்கம் ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“அம்மா, அந்த ரெண்டு பையும் வீணாப் போயிராதுல்ல? வேற யாருக்காவது ஆவும்தானே?”

“இன்னிக்கே யாருக்காவது ஆவும்” என்றேன்.

“நல்லது” என்று சொல்லிவிட்டு மகளைப் பார்க்கப் போனார்.

அவர்கள் நம்பிக்கை இன்றைக்கும் எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கே இன்னொரு பிள்ளை வந்தாலும் ஏற்றத்தான் சொல்வேன். ஆனால் ஒருவரை முட்டாள் என்று முடிவுகட்ட நாக்கு எழும்போதெல்லாம், தன்னால் ஏற்க முடியாத ரத்தம் யாரோ ஒருவருக்கு உதவ வேண்டுமே என்று திரும்பி வந்து கேட்ட அந்த மனிதர் முன்னால் வந்து நிற்கிறார், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.