வற்றாத கிணற்றின் இரண்டு வரைபுகள்

அந்தத் தீவுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று: அதன் நல்ல தண்ணிக் கிணறு வற்றாது. மற்றக் கிணறுகளெல்லாம் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்பதால் ஊர் முழுவதும் அதைத்தான் குடித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதி நின்று எல்லோரும் வெங்காயம் நட ஓடியபோது, சனசமூக நிலையம் அதே கிணற்றில் இறைப்பு மிசினைப் பூட்டி, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தோட்டங்களுக்கு இறைத்தது. அதை எட்டு மணித்தியாலம் ஆக்கலாமா என்று அளந்து சொல்லத்தான் ஊர்காவற்றுறையிலிருந்து என்னை வள்ளத்தில் ஏற்றினார்கள்.

நான் கொண்டுபோனவை: அளவுநாடா, தண்ணீர் எடுக்கப் போத்தல்கள், உப்பளக்கும் கருவி, வரைபுத்தாள், பென்சில். கூட வந்த எஞ்சினியர் கொண்டுவந்தவை: கோடு போடும் அடிமட்டம், அபிப்பிராயம்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு என்று ஆறு வரை இறைக்கச் செய்தேன். ஒவ்வொரு நாளும் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று இரண்டையும் குறித்தேன். இரண்டுக்கும் தனித்தனி வரைபு. நீர்மட்டத்தின் புள்ளிகள் பந்தியில் இருத்தியதுபோல ஒழுங்காக இருந்தன. மணிக்கு ஒரே அளவு சிறிய இறக்கம். உப்பின் புள்ளிகள் நாலு மணித்தியாலம் வரை படுத்துக் கிடந்தன. ஐந்தில் தலை தூக்கின. ஆறில் எழுந்து நின்றன.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. அங்கே நல்ல தண்ணீர் என்பது கடல்நீரின்மேல் மிதக்கிற ஒரு மெல்லிய மழைநீர்ப் படை. மேலே இறைக்க இறைக்கக் கீழேயிருந்து உப்புநீர் ஏறி இடத்தை நிரப்பும். கிணறு வற்றாததற்குக் காரணமும் அதுதான்.

வாசிகசாலையில் தாள்களை விரித்தேன். எஞ்சினியர் உப்பு வரைபின்மேல் அடிமட்டத்தை வைத்தார்.

“கடைசி ரெண்டு புள்ளியும் பிழை. போத்தல் கழுவேல்லைப் போல.”

“கழுவினனான், சேர்.”

“அப்ப கருவி பிழை.”

கருவியும் சரி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரப்பரால் இரண்டையும் அழித்து, மிஞ்சிய நாலு புள்ளிகளையும் தொட்டு எட்டு மணித்தியாலம் வரை ஒரு கோடு இழுத்தார். அழகான கோடு.

நிலையத்தின் தலைவர் நீர்மட்ட வரைபைக் கையில் தூக்கினார். “பாத்தீரே பிள்ளை, நேரா வந்திருக்கு. வத்தாது எண்டு அப்பவே சொன்னனான்.”

“வத்தாது ஐயா. உப்பாகும்.”

“வத்தாத கிணறு எப்பிடிப் பிள்ளை கெடும்?”

குடத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், “அந்தப் பிள்ளை சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன், அண்ணை” என்றாள்.

“நீர் போய்க் குடத்தை நிரப்பும். கோட்டை நாங்கள் பாக்கிறம்” என்றார் தலைவர்.

என் ஆறு அளவுகளையும் மையால் எழுதி அறிக்கையின் கடைசியில் இணைத்தேன். ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியதாகத் தெரியவில்லை. மிசின் எட்டு மணித்தியாலம் ஓடியது.

ஒரு வெங்காயப் போகம் முடிந்தபின் மறுபடியும் என்னை அனுப்பினார்கள். தலைவர் தன் வீட்டில் கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தார். தானும் ஒரு வாய் குடித்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“ஆரப்பா தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது?”

“பீப்பாத் தண்ணி இன்னும் வரேல்லை. உங்கட வத்தாத கிணத்துத் தண்ணிதான்” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

நான் குவளையைக் கீழே வைத்தேன். அவர் தன் குவளையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

“எட்டைத் திரும்ப ரெண்டாக்கினால் பழைய இடத்துக்கு வந்திடும்தானே?”

எஞ்சினியரின் அடிமட்டத்தை இப்போது இவர் மனதுக்குள் மறுபக்கமாகப் பிடிக்கிறார்.

“ஏலாது ஐயா. ஏறின வழியாலை உப்பு இறங்காது. மிசினை முழுசா நிப்பாட்டிப்போட்டு மாரி மழையைப் பாத்திருக்கவேணும்.”

“எத்தினை மாரி எண்டு நேராச் சொல்லுமன்.”

“நேராச் சொல்ல ஏலாது.”

கிணற்றடிக்குப் போய் நாடாவை இறக்கினேன். துறையில் பீப்பாய்களோடு வள்ளம் அணைந்துகொண்டிருந்தது. முன்பு கிணற்றடியில் நின்ற குடங்களெல்லாம் அங்கே வரிசையில் நின்றன. நீர்மட்டம், தலைவர் அன்று கையில் தூக்கிய வரைபு சொன்ன இடத்திலேயே இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.