அம்மா சொன்ன ஆமாம்

வங்காளத்தில், டாக்குரியாவில் எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் மூன்று படிகள். கீழே கொஞ்சம் மண், ஒரு முருங்கை மரம், துணி உலர்த்தும் கம்பி, சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குளம். மழைக்காலத்தில் குளமும் எங்கள் கொல்லையும் ஒன்றாகி, கடைசிப் படி வரை அழுக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். சத்தியமாக அதில் ரசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாயங்காலக் காப்பியை அந்த நடுப்படியில் உட்கார்ந்துதான் குடித்தாள். அந்த நேரத்தில் யாராவது ஏதாவது கேட்டால் கோபம் வரும்.

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் அப்பாவையும் என்னையும் தனியே கூப்பிட்டு, மழைக்காலம் தாண்டினால் பெரிய காரியம் என்றார். நான் அப்போது ஜாதவ்பூரில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அவளுக்குத் தெரியப்படாது. கட்டி இருந்தது, எடுத்தாச்சு. அவ்வளவுதான். உன் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவா, அதனால மூஞ்சிய நன்னா வெச்சுக்கோ."

மூஞ்சியை நன்றாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் சிரித்தார், சீட்டி அடித்தார், அம்மாவைச் சீண்டினார். எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவால் அந்த மூன்று படி இறங்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினால் தையல் இழுத்து, உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெட்டால் நெடி அடிக்கும் அந்த அறையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வேறு எதுவும் கேட்டதில்லை. "கொஞ்சம் வெளில உட்காரணும்" என்று மட்டும் தினமும் சொன்னாள்.

அப்பாவுக்குக் கிடர்பூரில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. ஒரு சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "டெக் போட்டுடலாம்" என்றார். கப்பலில் இருப்பதுபோல. பின்கதவின் வாசல்படி மட்டத்துக்கே மரக்கால் நட்டு, மேலே பலகை அடித்துவிட்டால் இறங்கவே வேண்டாம். அறையிலிருந்து நாலடி நடந்தால் வெளியே. வெள்ளம் வந்தாலும் கீழேயே போய்விடும்.

"ஷால் மரம்தான் போடணும்" என்றார். "தண்ணியில கிடந்தாலும் முப்பது வருஷம் அசையாது. பேரன் பேத்தியெல்லாம் அதுலதான் தவழப்போறது, பாத்துண்டே இரு."

"முப்பது வருஷமா? அவ்வளவு நாளும் உங்களோடயா?" என்றாள் அம்மா.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். மரத்தை வைத்துக்கூட மனுஷர் பொய் சொல்கிறாரே என்று இருந்தது.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தச்சு மிஸ்திரி ஒருவரை அப்பா பிடித்து வந்தார். லுங்கி, காதில் பென்சில், வாயில் எப்போதும் பீடி. ஷாலுக்குச் சொல்லிவிட்டு அப்பா ஆபீஸ் போனார். ரெண்டு நாள் கழித்து, அப்பாவும் நானும் வெளியே போயிருந்த பகலில், மிஸ்திரி மறுபடி வந்திருக்கிறார். அம்மா மட்டும்தான் வீட்டில். பின்கதவில் நின்று ஏதோ கேட்டார், அம்மா ஏதோ சொன்னாள். அடுத்த நாள் கைவண்டியில் வெளுத்த மஞ்சள் நிறத்தில் பலகைகள் வந்து இறங்கின. அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள் பாதியை அறுத்தாகிவிட்டது.

அது மாமரம். இந்த ஊர் வங்காளத்தில் மாவுக்கு 'ஆம்' என்று பேர்.

அப்பா குதித்தார். யாரைக் கேட்டு அறுத்தாய் என்று மிஸ்திரியைப் பிடித்து உலுக்கினார். மிஸ்திரி நிதானமாகப் பீடியை எடுத்துவிட்டு அறைப் பக்கம் கை காட்டினார். "மா போலேசேன், ஆம்." அம்மாதான் ஆம் என்று சொன்னாள் என்கிறார்.

"ஏண்டி, மாம்பலகை போடச் சொன்னியா நீ?"

"நான் எங்க சொன்னேன்? அவன் என்னமோ கேட்டான். நான் ஆமாம்னேன்."

"அவன் ஆம்னு கேட்டா நீ ஆமாம்பியா?"

"மாம்பழக்காரன் கேட்டா எனக்குத் தெரியாதா? தச்சன் வந்து ஆம்னு கேட்டா, சரிதானேன்னு கேக்கறான்னு நினைச்சுண்டேன்."

 அப்பா சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். நிஜச் சிரிப்பு. அந்த வீட்டில் மாசிக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதேங்கோ, வலிக்கறது" என்றாள். இந்தக் கதையை அப்பா ஆபீஸில் சொன்னார், லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக் கடையில் சொன்னார். அம்மாவைப் பார்க்க வந்த மாமிகள் எல்லோரும், "என்ன, ஆமாம் போட்டுட்டேளாமே" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவளும் அசடு வழியச் சிரித்து வைத்தாள்.

அறுத்த மரத்தை என்ன செய்வது? அதையே அடித்தார்கள். ஒரு வாரத்தில் டெக் தயார். முதல் நாள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். "காப்பி கொண்டா" என்றாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவள் அங்கேதான் இருந்தாள். கீழே தண்ணீர், மேலே மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். கரண்ட் போன சாயங்காலங்களில் குளத்துத் தவளைச் சத்தத்தைக் கேட்டபடி இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள். வர வர உடம்பு பிரம்பு நாற்காலிக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பலகையும் அதே வேகத்தில் போயிற்று. ஆடியில் கறுத்தது. ஆவணியில் ஓரங்களில் வெள்ளையாகக் காளான் முளைத்தது. ஒரு நாள் நாற்காலியின் கால் பலகைக்குள் மெத்தென்று இறங்கியது.

"ஷாலா இருந்தா இப்படி ஆகுமா? எல்லாம் உன் ஆமாமால வந்தது" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "துர்கா பூஜை முடியட்டும். பேத்து எறிஞ்சுட்டு ஷால் போடறேன்."

"எனக்குத் தாங்கறதே, போறாதா?" என்றாள் அம்மா. "நாற்காலிய அந்தப் பக்கம் நகத்துங்கோ."

நகர்த்தினோம். பிறகு இன்னொரு முறை நகர்த்தினோம். கடைசியில் வாசல்படியை ஒட்டி ஒரு நாற்காலி போடும் அளவுக்குத்தான் கெட்டியான இடம் மிச்சம் இருந்தது. புரட்டாசியில், தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போனாள். கேவ்ராதலா சுடுகாட்டில் எல்லாம் முடிந்து திரும்பும்வரை அப்பா அழவில்லை. வந்தவர்களுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். அப்போதும் எனக்கு அவர் மேல் கோபம்தான். இன்னும் யாருக்காக மூஞ்சியை நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறார்?

லட்சுமி பூஜையும் கழிந்த பிறகு, ஒரு காலையில் வீட்டின் பக்கச் சந்தில் கைவண்டிச் சத்தம். மிஸ்திரி நின்றிருந்தார். வண்டியில் சிவந்த, கனமான ஷால் பலகைகள். அப்பா சொல்லிவைத்திருந்ததை நாங்கள் மறந்தே போயிருந்தோம். மனிதர் பூஜைக்குத் தன் கிராமத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. அம்மா எங்கே என்று கேட்டார். அப்பா சொன்னார்.

மிஸ்திரி பீடியைக் கீழே போட்டுவிட்டு இற்றுப்போன பலகைகளைப் பார்த்தார். பிறகு வங்காளத்தில் மெல்லச் சொன்னார். அன்றைக்கு அவர் அம்மாவிடம் ஒன்றுக்கு இரண்டு முறை விளக்கியிருக்கிறார். ஷால் வர பூஜை ஆகிவிடும். ஆம் என்றால் இந்த வாரமே போட்டுவிடலாம், ஆனால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்காது. அம்மா யோசிக்கவே இல்லையாம். ஒற்றை விரலைக் காட்டி, அவளுடைய ஓட்டை வங்காளத்தில், ஒரு மழை போதும், ஆமே போடு என்றாளாம். பாபுவிடம், அதாவது அப்பாவிடம், இதைச் சொல்லாதே, பாவம், மனசு கஷ்டப்படுவார் என்றும் சொன்னாளாம்.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  ஊரெல்லாம் அவளைக் கேலி செய்ய விட்டுவிட்டு, அசடுபோல் சிரித்துக்கொண்டு, அந்த நாற்காலியில் இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேரின் மூஞ்சியையும் அவள் எத்தனை நாள் பார்த்திருப்பாள்!

மிஸ்திரி வண்டியைக் காட்டிக் கேட்டார். ஷால் வந்துவிட்டது, பழையதைப் பெயர்த்துவிட்டு இதைப் போடட்டுமா?

அப்பா வங்காளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவருக்குத் தமிழ்தான் வந்தது.

"ஆமாம்" என்றார்.

மிஸ்திரி புரியாமல் அவரைப் பார்த்தார்.

"ஆம்?" என்று கேட்டார்.

அப்பா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.