தமிழ் என்றால் தீபாவளி

பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. புரோகிராம் எழுத எவரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் நின்றபடி போனில் பார்த்துக் கற்றதுதான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கொன்றது ஒரு லீவுப் பட்டியலை.

பண்டிகைக்கு ஆளுக்கு ஒரு நாள் மேலதிக லீவு. யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் கேட்டார் மேலாளர். நிபந்தனை என்பது பெரிய வித்தை இல்லை: இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது. மழை பெய்தால் குடை, இல்லாவிட்டால் வெறுங்கை. படிவத்தைத் தமிழில் நிரப்பியிருந்தால் தீபாவளி, இல்லாவிட்டால் பௌத்தர்களின் வருகிற வெசாக் என்று எழுதினேன். மேலாளர் கையொப்பமிட, சுவரில் ஒட்டினோம்.

முதலில் வந்தவர் அக்குறணை முஸ்லிம் மெக்கானிக்.

“தீவாளிக்கு என்ன ஊட்டுல இருக்கச் சொன்னா முறுக்கு யாரு தார? நீங்களா?”

சிரித்துவிட்டுப் போனார். பின்னால் நின்ற கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பெண், தையல் மெஷினில் வேலை செய்பவர், சிரிக்கவில்லை.

“அண்ணே, நாங்க வேதக்காரங்க. நத்தாருக்கு முந்தின நாள் சர்ச்சுல யேசு பொறக்குற நாடகம். எம் மகதான் மாதா. இப்பவே வசனத்த சொல்லிக்கிட்டுத்தான் தூங்குது.”

“கம்பியூட்டர் போட்டது தங்கச்சி.”

“அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? வெதச்சதுதானே மொளைக்கும்!”

கம்பியூட்டருக்குத் தமிழ் என்றால் எழுத்து மட்டும்தான். அந்த எழுத்துக்குப் பின்னால் எத்தனை விதமான வீடு இருக்கிறதென்று நானாவது யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் முதல் கொப்பியும் பேனையுமாக மெஷின் மெஷினாகப் போனேன். “உங்களுக்கு எந்த நாள் வேணும்?” இந்த ஒரு கேள்வியை முதலே கேட்டிருந்தால் நிபந்தனையே தேவைப்பட்டிருக்காது. கால் கடுத்ததுதான் மிச்சம். மற்றவர்களின் நாளை மாற்ற முடிந்தது. நத்தாருக்கு முந்தின நாள் சரக்கு ஏற்ற வேண்டும், அன்று எவருக்கும் லீவு இல்லை என்றுவிட்டார் மேலாளர். மூன்று தடவை படியேறிக் கெஞ்சியபின் அந்தப் பெண்ணுக்கு அரை நாள் கிடைத்தது.

நத்தார் கழிந்து அவர் வேலைக்கு வந்ததும் கேட்டேன்.

“நாடகம் பாத்தீங்களா தங்கச்சி?”

“போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுண்ணே. கண்டியில பஸ் கெடைக்கல. புள்ள வேஷத்த கலைக்கவே விடலையாம். சர்ச் வாசல்ல நின்னு மொத்த வசனத்தையும் எனக்குச் சொல்லிக் காட்டிச்சு.”

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டார். நான் அலுவலகப் படியேறினேன்.