எல்லைக்காவலனின் நான்காவது மனு

பத்து வயதில் நானும் என் நண்பனும் ஒரு நாட்டை உண்டாக்கினோம். ராயபுரத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அலை வந்து அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளுக்கு அப்பால் கடலுக்குள் இருப்பதாக வைத்துக்கொண்ட அந்த நாட்டுக்கு அறுகரை என்று பெயர். அங்கே ராஜா எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பார். யார் ராஜா என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக அப்படி ஏற்பாடு. நான் மந்திரி. அவன் எல்லைக்காவலன்.

நாட்டுக்கு எழுத்து வேண்டியிருந்தது. அவனுடைய அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். உடைந்த பெட்டிப் பலகைகளை அடுப்புக்கு என்று தலையில் வைத்துக்கொண்டு வருவார். பலகைகளில் கறுப்பு மையில் குறிகள் அச்சடித்திருக்கும். நனையக்கூடாது என்பதற்குக் குடை, உடையும் என்பதற்குக் கோப்பை, மேல்பக்கம் இது என்பதற்கு அம்பு. சிலவற்றில் எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத எழுத்துகள். குடையைக் 'க' என்று வைத்தோம். கோப்பை 'ம'.

"மா, அந்தப் பலகையப் போடாத. அதுல புது எழுத்து ஒண்ணு கீது."

"சோறு வோணுமா, எழுத்து வோணுமா? சீக்கிரம் பாத்து எழுதிக்கினு குடுங்கடா, உலை ஆறிப்பூடும்."

அவன் அம்மா அடுப்புக்கு முன்னால் பலகையைக் கையில் பிடித்தபடி, நாங்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பார். அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது.

ஒற்றர்கள் எழுத்தைக் கற்றுவிடுவார்கள் என்று எல்லைக்காவலனுக்கு எப்போதும் பயம். அதனால் ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் சில எழுத்துகளை மாற்றினோம். புதிதாகச் சில வரும். பழையவை சில ஒலி மாறும். மனுவின் தலைப்பு வரி மட்டும் மாறாது. அதை முதல் வருஷத்து எழுத்தில்தான் எழுத வேண்டும்: 'மந்திரியார் சமூகத்துக்கு எல்லைக்காவலன் மனு.' பக்கத்தில் எத்தனையாவது மனு என்பதற்குக் கோடுகள்.

ஒரு சட்டமும் இருந்தது. மனுவுக்கு மந்திரி பதில் எழுதியே தீர வேண்டும். நான்கு மனுவுக்குப் பதில் இல்லையென்றால், காவலன் வேலையை விட்டு எல்லையைத் தாண்டிப் போய்விடலாம். பன்னிரண்டு வயதில் அந்தச் சட்டத்தை எழுதியது நான்.

மற்ற பிள்ளைகளாக இருந்தால் ஒரு கோடை விடுமுறையோடு விட்டிருப்பார்கள். நாங்கள் பதினெட்டு வயதுவரை விடவில்லை. பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். அவன் கப்பல்களில் துருவைச் சுத்தியலால் தட்டி எடுக்கும் வேலைக்குப் போனான். எங்கள் குடும்பம் திருவொற்றியூருக்கு வீடு மாறியது. படிப்பு முடிந்து எண்ணூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவன் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தான். புருவத்திலெல்லாம் செந்துரு. நான் மூன்று சக ஊழியர்களோடு டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"மந்திரியாரே, எல்லையில எல்லாம் சவுக்கியம். ராஜா இன்னும் தூங்கிகினுதான் கீறாரு."

"யார் சார் இது?" என்று சிரித்தபடி கேட்டார் ஒருவர்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க பையன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்த மூவரையும் பார்த்தான். "ஆமா சார், தெரிஞ்ச பையன்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். நான் டீ குடித்தேன்.

அதற்கு முன்பும் பின்பும் அவனிடமிருந்து இன்லண்ட் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு காணும் பொங்கலுக்குப் பிறகும் அந்த வருஷத்துப் புது எழுத்துகளின் பட்டியல் வரும். நான்கு பட்டியல்கள் வந்தன. கடைசி வருஷத்தில் தனியாக மூன்று மனுக்களும் வந்தன. அந்த வயதில் இதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. தலைப்பு வரியைப் பார்ப்பேன், கிழிப்பேன், கூடையில் போடுவேன். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, முக்காடு கலையாமல் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பையன் ஒன்பது நாளாக வீட்டுக்கு வரவில்லை என்றார். மாதா படத்துக்குப் பின்னால் இருந்ததாக ஒரு தாளைக் கொடுத்தார்.

"கோயில் பாதராண்ட காட்னேன். எந்த பாசையும் இல்லன்ட்டாரு. கப்பல் ஆபீஸ்ல ஒருத்தர் ருசியாக்காரன் எழுத்தும் இல்லன்றாரு. எனக்கு அப்பாலதான் ரோசனை வந்திச்சு, இது நீங்க ரெண்டு பேரும் எழுதிகினு இருந்ததாச்சே. இன்னா நைனா எழுதிகீறான்?"

தலைப்பு வரியைப் படித்தேன். பக்கத்தில் நான்கு கோடுகள். அதற்குக் கீழே இருபது வரிகளில் பாதி எழுத்து நான் பார்க்காதவை. எனக்குத் தெரிந்த மீதிப் பாதியும் இப்போது என்ன ஒலி என்று தெரியாது. தெரிய வேண்டியதெல்லாம் நான் கிழித்துப் போட்ட பட்டியல்களில் இருந்தது.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் தெரியவில்லை என்று அவர் கேட்டிருப்பார்.

"கப்பல்ல வேலை கெடைச்சிருக்காம். கொச்சிக்குப் போய் ஏர்றானாம்" என்றேன். "கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்னு எழுதியிருக்கான்."

"என்னப் பத்தி?"

"அம்மா அழக்கூடாதாம்."

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் போலீஸ் டேசன்ல எழுதிக் குடுக்கலாம்னு அவரு சொல்லிகினு இருந்தாரு. நல்ல வேள. இனிமே இன்னாத்துக்கு அது?" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். எழுதிக் கொடுங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை போதும். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். பஸ் வர அரைமணி நேரம் ஆனது. சொல்லவில்லை. அவனை யாரும் தேடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. ஜனவரியில் அவர் தாளோடு வந்தார். "இந்தக் கிறிஸ்துமஸ்னா போட்டுகீறான்? நல்லாப் பாரு நைனா." நான் நல்லாப் பார்த்தேன். எந்த வருஷம் என்று இல்லை என்றேன். அடுத்த வருஷமும் வந்தார். முதல் தடவை சொன்னது மாறிவிடக்கூடாது என்று அந்தப் பொய்யை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வரிமேல் விரலை ஓட்டி ஓட்டிப் படித்தேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் உதடும் கூடவே அசையும்.

மூன்றாம் வருஷம் அவர் படிக்கச் சொல்லவில்லை.

"எனக்கு இந்த எழுத்தக் கத்துக் குடு நைனா. உன்ன தபா தபா பேஜாரு பண்ண வேணாம். தமிழ் எனக்கு இனிமே ஏறாது. இத்த மட்டும் கத்துக்கினா போதும், நானே படிச்சிக்குவேன்."

அவர் தாளை மடியில் விரித்து, தலைப்பு வரியில் ஒரு குறியைத் தொட்டார்.

"இது கொடதான? எத்தினி பலகைல பாத்துகீறேன். இதுக்கு இன்னா சத்தம்?"

"க" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் யோசிக்காமல் வந்தது.

"கப்பலுக்கு வர்ற க-வா?"

"ஆமா."

அவர் விரலைத் தலைப்பு வரிக்குக் கீழே வைத்தார். நான் எப்போதும் 'கப்பல்' என்று படிக்கத் தொடங்கும் இடம் அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அங்கே குடைக்குப் பதிலாக ஒரு கொக்கி இருந்தது. அந்த வரியை முழுக்கத் தடவினார். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. குடை ஏழாவது வரியில்தான் இருந்தது.

"கொடையக் காணமே நைனா."

வாசலில் மணலிக்குப் போகும் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று இப்போது நிச்சயமில்லை.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். எழுந்து அதை என் சட்டைப் பையில் வைத்தார்.

"உனுக்குத்தான எழுதிகீறான். நீயே வச்சிக்கோ."

அதன் பிறகு அவர் வரவில்லை. ராயபுரம் பக்கம் போகும் தைரியம் எனக்கும் வரவில்லை. அவர் இறந்ததை ஒரு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தாள் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ மாதங்கள் அதோடு உட்கார்ந்தேன். எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஊகித்த வார்த்தைகளைப் பொருத்திப் பார்த்தேன். ஒருநாள் ஒரு வரி கிடைத்ததுபோல் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது, நான் கேட்க விரும்பியதை நானே அதில் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவன் அம்மாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்துகொள்ளப் பார்த்திருக்கிறேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

தலைப்பு வரியை மட்டும் படிக்கிறேன். அதில் சந்தேகம் இல்லை. பக்கத்தில் நான்கு கோடுகள்.