நூற்றாறு சதவீதம்

சிவராமகிருஷ்ணன் வாழ்நாளில் ஒரு டாலர்கூடப் பந்தயம் கட்டியதில்லை. ஆனாலும் பிளெய்ன்ஸ்பரோ ஊரின் தமிழ் அப்பாக்களில் பாதிப் பேர் அவரை ஏதோ பெரிய சூதாட்டப் புள்ளி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், மனிதர் ஒரு மருந்து கம்பெனியில் புள்ளியியல் நிபுணர். வாரத்தில் ஐந்து நாள், மாத்திரை வேலை செய்கிறதா என்று கணக்குப் போடுவார். சனிக்கிழமை காலை, இங்கிலாந்தில் கால்பந்து மாட்ச் தொடங்கும் முன், காபியும் லேப்டாப்புமாக உட்கார்ந்து யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் போடுவார். அதுதான் அவருக்கு ஓய்வு. சிலர் பிறவியே அப்படி.

முறை ஒன்றும் பிரமாதமில்லை. ஒவ்வொரு அணியும் சராசரியாக எத்தனை கோல் போடுகிறது, எத்தனை வாங்குகிறது என்று எடுத்துக்கொள்வார். அதை வைத்து, ஒன்று-பூஜ்யம், இரண்டு-ஒன்று என்று ஒவ்வொரு ஸ்கோருக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று கட்டம் கட்டமாக எழுதுவார். அதன்பின் எந்தப் பந்தயமானாலும் சரி, யார் ஜெயிப்பார்கள், மொத்தம் எத்தனை கோல் விழும், கோல்கீப்பர் ஒன்றுகூட விடாமல் தப்புவாரா, எல்லாவற்றுக்கும் அதே கட்டங்களில் வேண்டியதைக் கூட்டினால் போதும். கடைசியில் பந்தயக் கம்பெனிகள் தரும் விகிதங்களையும் சதவீதமாக மாற்றிப் பக்கத்தில் வைப்பார். வெற்றி, டிரா, தோல்வி மூன்றையும் கூட்டினால் கம்பெனிக்காரன் கணக்கில் நூற்றைந்து, நூற்றாறு என்று வரும். நூற்றுக்கு மேலே நிற்பது கம்பெனியின் லாபம். அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்து 'இவன் பங்கு' என்று எழுதுவதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

"நூறுக்கு மேல உலகத்துல எதுவும் நடக்காது விஷாகா. நூத்தஞ்சுன்னு எவனாவது சொன்னா, அஞ்சு அவன் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு அர்த்தம்" என்று மனைவியிடம் வாரம் தவறாமல் சொல்வார்.

"பால் வாங்கிட்டு வந்தீங்களா?" என்று விஷாகாவும் வாரம் தவறாமல் கேட்பாள்.

இதோடு நின்றிருந்தால் வம்பில்லை. அவர்கள் மகள் ஹம்சா, எட்டாம் வகுப்பு, ஊர்ப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை, அந்த சீசனில் தோற்றே அறியாத, பக்கத்து ஊரான எடிசன் அணியோடு கடைசி ஆட்டம். அப்பாக்களின் வாட்ஸ்அப் குழுவில் டாக்டர் ஜனார்த்தனன் கிளப்பிவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருடைய மகள் ரூபிகாவும் அதே அணி. "சிவா, எங்கட பிள்ளைகளுக்கும் ஒருக்கா கணக்குப் போட்டுப் பாருமன்!"

கணக்கு என்று கேட்டுவிட்டால் நம் ஆளுக்குக் கை நிற்குமா? சீசன் முழுக்க விழுந்த கோல்களை எடுத்து, கட்டம் போட்டு, வியாழக்கிழமையே குழுவில் அனுப்பிவிட்டார். ஒரு பிரதியை வழக்கம்போல ஃப்ரிட்ஜிலும் ஒட்டினார். வெற்றி, டிரா, தோல்வி வரிசைக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'ஹம்சா ஒரு கோலும் விடாமல் இருக்க: 2%.' அவருக்கு அது ஒரு எண். அதில் மகள் பெயர் இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

ரூபிகா தன் அப்பாவின் போனில் அதைப் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் ஹம்சாவுக்கு 'டூ பர்சென்ட்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் கையுறைகளைக் குப்பைத்தொட்டி மேல் வைத்தாள்.

"ஐம் நாட் ப்ளேயிங் சண்டே" என்றாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது.

"குழந்தைய ஒரு மாத்திரையாட்டம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களே" என்றாள் விஷாகா. அவர் கையுறைகளைத் துடைத்து மேசைமேல் வைத்தார். ஞாயிறன்று கோலில் வேறு பெண் நிற்கலாம், அது பெரிய விஷயமில்லை. இவள் இனி எந்த ஞாயிறும் நிற்க மாட்டாளோ என்பதுதான் அவர் பயம்.

சனிக்கிழமை காலை இங்கிலாந்தில் ஆட்டம் தொடங்கிவிட்டது. லேப்டாப் மூடியே கிடந்தது. ஹம்சா பாலெடுக்க வந்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த தாளைக் கிழிக்கப் போன கை பாதியில் நின்றது. வெற்றி, டிரா, தோல்வி எண்களை உதடு மெல்லக் கூட்டியது.

"டென், செவன், எய்ட்டி நைன்" என்றாள். "அப்பா, திஸ் இஸ் ஒன் ஓ சிக்ஸ்."

"இருக்காது."

"நீயே கூட்டிப் பாரு."

பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. உலகத்துப் பந்தயக் கம்பெனிகளையெல்லாம் திருடன் என்று வைத மனிதர், தன் சமையலறையில் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார்.

"நீங்க ஜெயிக்கறதுக்கு நாலுதான் வந்தது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பார்க்கச் சகிக்கல. பத்துன்னு போட்டுட்டேன்."

"தென் டேக் இட் ஃப்ரம் தெம்! அவங்க நம்பரைக் குறைக்கணும்ல?"

"எப்படிம்மா குறைக்கறது? அவங்களும் குழந்தைங்கதானே."

விஷாகா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

ஹம்சா விடவில்லை. "அண்ட் மை டூ?"

"அது நிஜம்" என்றார் சிவராமகிருஷ்ணன். உயிரே போனாலும் இந்த மனிதருக்கு எங்கே பொய் சொல்ல வேண்டும் என்று தெரியாது. "ஒண்ணு புள்ளி எட்டு. ரெண்டாக்கினேன்."

அவள் அவரையே முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பாலை மறந்து, மேசைமேல் இருந்த கையுறைகளை எடுத்துக்கொண்டு போனாள். அவருக்குக் கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். எடிசன் அணி அந்த சீசனில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஜெயித்ததில்லை என்று டாக்டர் ஜனார்த்தனன் எல்லோரிடமும் சொன்னார். வரும்போது காரில் ஹம்சா தூங்கிவிட்டாள், முழங்காலெல்லாம் சேறு.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது, அந்தத் தாளை எடுத்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜ் அருகே போனார். மூன்று எண்களுக்குக் கீழே அவருடைய சிவப்புப் பேனாவால் யாரோ கோடிழுத்து நூற்றாறு என்று கூட்டி, உபரியாக நின்ற ஆறைச் சுழித்திருந்தார்கள். பக்கத்தில், ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் கற்ற கோணல் எழுத்தில், 'அப்பா பங்கு' என்று எழுதியிருந்தது.