நான்கு விரல் நீளத்துக்கு நேராக உடைந்த பானை

போன சனிக்கிழமை எங்கள் வகுப்பு பாபநாசம் அருவிக்குப் போவதாக இருந்தது, இசக்கியைத் தவிர. வகுப்புத் தண்ணீர்ப் பானை அவன் கையில் உடைந்ததற்குத் தண்டனை. உடைவதற்கு முந்தின நாள் சாரைப் பயமுறுத்த, அதில் காம்பஸ் முனையால் பொய் விரிசல் வரைந்தவன் நான். 'பானையே மட்டம்' என்று யாராவது சொல்லிவிட்டால் இருவருமே தப்பலாம். அதற்காகத்தான் வியாழக்கிழமை விடுமுறையில், பானை செய்யும் காருகுறிச்சிக்குக் கிளம்பினேன்.

காலை 6.40, எங்கள் ஊர்ப் புதிய பேருந்து நிலையம், காருகுறிச்சி வழியாகப் போகும் பாபநாசம் பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய்.

"ஏலே, மடியில என்ன, இப்படிப் பொத்தி வச்சிருக்க?" என்றார் கண்டக்டர்.

"பானை, அண்ணாச்சி."

"முழுசாவா?"

"தவணை முறையில."

சேரன்மகாதேவி தாண்டியதும் வயல்மேல் கிடந்த பனியில் மலை பாதி அழிந்திருந்தது, ரப்பர் போட்ட மாதிரி. கொக்குகள் மட்டும் அழியவில்லை.

7.45க்குப் போனபோது சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சூளையிலும் ஒரு நல்ல பானையை வேண்டுமென்றே உடைத்து, உடைந்த விளிம்பைப் பார்த்த பிறகுதான் மற்றதை வண்டியில் ஏற்றுவார்களாம். உடைப்பவர் மாரியக்கா. அவர் தந்த துண்டை வெயிலில் பிடித்தேன். மண்ணில் கலந்த உமி எரிந்துபோன இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டை, நடுவே மினுங்கும் மணல். செம்மண்ணில் ஒரு வானம். உடைந்த கோடு ஓட்டைக்கு ஓட்டை தாவி, மணலைச் சுற்றி, ஆறு மாதிரி வளைந்து போனது. வந்த வேலையே மறந்துபோயிற்று.

பிறகு என் துண்டுகளை நீட்டினேன். மாரியக்கா பெருவிரலால் தடவினார்.

"பானை நல்ல பானைதாம்லே. வேக்காடு சரியா இருக்கு."

"அப்போ ஏன்க்கா உடைஞ்சுது?"

"விரிசல் தன்பாட்டுக்கு ஓடுனா வளைஞ்சு வளைஞ்சுதான் ஓடும். இங்கன பாரு, நாலு விரலுக்கு ஸ்கேல் வச்ச மாதிரி நேரா வருது. அதுக்கப்புறந்தான் வளையுது. எவனோ கீறி வழிகாட்டியிருக்கான். தண்ணி நெறஞ்சதும் பொளந்துட்டு."

"கீறுனவனுக்குத் தெரியாம இருந்திருக்கும்க்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத் தெரிஞ்சுட்டுல்லா?"

புதுப் பானை நூற்றைம்பது ரூபாய். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: எட்டு மணிக்குள் போய்விடுங்கள். தட்டிப் பார்த்து, மணி மாதிரி கேட்டால் வாங்குங்கள். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பானைக்கு உங்கள் மடிதான் சீட்டு. உடைந்த துண்டு கொண்டு போனால், எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்ளும் நெஞ்சும் கொண்டு போங்கள்.

வெள்ளிக்கிழமை சாரிடம் பானையையும் உண்மையையும் சேர்த்தே கொடுத்தேன். சனிக்கிழமை இசக்கி அருவிக்குப் போனான், என் சீட்டில். அதனால் பாபநாசம் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை என் மேசையில் ஆற்றுக் கல் ஒன்றை வைத்தான். ஓட்டையே இல்லாத, வழுவழுவென்ற கறுப்புக் கல்.

"இதுல கீறிப் பாருலே."