எந்தப் பக்கமும் சேராத வேன்

ஹரிதாஸின் பள்ளி வேனில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரே வரி: 'உள்ளே கோயில் பேச்சு பேசக் கூடாது.' சாப்பிடாதே, சன்னலில் கை நீட்டாதே என்பதையெல்லாம் அவர் எழுதி வைக்கவில்லை. அவற்றை வாயால் சொன்னாலே பிள்ளைகள் கேட்டார்கள். கோயில் பேச்சைத்தான் அடக்க முடியவில்லை. பெரியவர்கள் ராத்திரி வீட்டில் கொட்டியதைப் பிள்ளைகள் காலையில் வேனுக்குள் கொண்டுவந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கோயில் ஒன்றுதான்; தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இரண்டு. ரதம் முதலில் மேல் லயத்துக்குப் போவதா, கீழ் லயத்துக்குப் போவதா என்று மூன்று வருடங்களுக்கு முன் ஆரம்பித்த சண்டையில் கமிட்டி இரண்டானது, திருவிழாவும் இரண்டானது. மேல் லயத்துக் கமிட்டிக்கு சசிதரன் தலைவர். கீழ் லயத்துக்கு சின்னக்கருப்பன். ஹரிதாஸின் வீடு இரண்டுக்கும் நடுவில், பாதை பிரியும் முச்சந்தியில், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே இருந்தது. வேனில் மேல் லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேர், கீழ் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். தோட்டத்துக்குள் பஸ் வராது. பதினாறு வயதில் பள்ளிக்குப் போக வண்டியில்லாமல் கொழுந்துக்கூடை எடுத்தவர் ஹரிதாஸ். தேயிலை லாரி ஓட்டி, பிறகு இந்தப் பழைய வேனை வாங்கியதே அந்தக் கோபத்தில்தான். இருபது பேரில் ஒருவர்கூடப் பாதியில் நிற்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. சின்னக்கருப்பனின் மகள் தவமலர் முன் சீட்டில் உட்கார்ந்து சரித்திர நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், வரலட்சுமி டீச்சர் ஒரு கேள்வி குடுத்திருக்காங்க. பெர்கெசுவாலியா இருந்த நாடு ஏன் பெரிய போருக்குள்ள இழுக்கப்படுது?"

"பெர்கெசுவாலின்னா?"

"எந்தப் பக்கமும் சேராம இருக்கிறது. உங்கள மாதிரி."

"ம். என்ன எழுதின?"

"சயாமப் பத்தி, இப்பத் தாய்லாந்து. நாங்க யார் பக்கமும் இல்லன்னு சொல்லிச்சு. ஆனா ஜப்பான்காரனுக்கு மலாயாவுக்கு வர வழி வேணும். சயாம் அந்த வழியில இருக்கு. டிசம்பர் எட்டாந்தேதி வந்து இறங்கிட்டான். கொஞ்ச நேரம் சண்டை போட்டுட்டு, சரி போன்னு வழி விட்டாங்க. அடுத்த மாசமே அவன் பக்கம் சேந்து போர் அறிவிச்சிட்டாங்க."

"வழி மட்டும்தானே விட்டாங்க?"

"அதான் அங்கிள். வழி விட்டா போதும், மத்ததெல்லாம் தானா வந்துரும். அப்புறம் அந்த சயாமுக்கே நம்ம தோட்டத்து ஆளுங்கள ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனாங்க. எத்தனையோ பேர் திரும்பி வரல."

சயாம்காரனுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டாமா என்று ஹரிதாஸ் நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சசிதரன் போன் செய்தார். "அண்ணே, திரிங்காப் டவுன்ல பந்தல் கம்பி கெடக்கு. வேன் காலியாத்தானே திரும்புது, மேல போட்டுக் கொண்டாந்துருங்களேன்." காலி வண்டிதானே என்று ஹரிதாஸ் ஏற்றி வந்தார். நியாயம் தவறக் கூடாது என்று அன்று சாயங்காலமே சின்னக்கருப்பன் வீட்டுக்குப் போய், "உங்க திருவிழாவுக்கும் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே, ஏத்திட்டு வர்றேன்" என்றார்.

"அவன் கம்பி ஏறுன வண்டியில என் சாமி சாமான் ஏறாதுலா" என்றார் சின்னக்கருப்பன்.

அடுத்த ஞாயிறு மேல் லயத்துத் திருவிழா. அம்மனைக் கும்பிடாமல் இருக்க முடியுமா? ஹரிதாஸ் திருநீறு வாங்கத் தலையைக் குனிந்தார். குனிந்த தலையில் சசிதரன் சட்டென்று பரிவட்டத்தைக் கட்டிவிட்டார். கோயில் மரியாதைத் துணி தலையில் ஏறிய பிறகு அதை அங்கேயே அவிழ்ப்பது அம்மனை அவமதிப்பது. ஹரிதாஸ் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். அந்த விழிப்பைக்கூடப் படம் எடுத்துவிட்டார்கள். அவர் வீடு திரும்புவதற்குள் படம் கீழ் லயத்து வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை கீழ் லயத்து நிறுத்தத்தில் ஒரு பிள்ளையும் இல்லை.

திரிங்காப்பில் நசுருதீனின் தேநீர்க் கடைக்குள் அவர் நுழைந்ததும், "வாங்க சுவிட்சர்லாந்து!" என்று குரல் வந்தது. நசுருதீனின் கைப்பேசியிலும் பரிவட்டப் படம் இருந்தது.

"எனக்குக் கடுப்பா வருது பாய். ஒரு தே தாரே போடுங்க."

"துணி நல்லாத்தான் இருக்கு ஒங்களுக்கு. திருப்பிக் குடுத்துற வேண்டியதுதானே?"

அது நல்ல யோசனையாகப் பட்டது. அதுதான் ஹரிதாஸ் செய்த அடுத்த தப்பு. பரிவட்டத்தை மடித்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சசிதரனின் முகம் சிவந்தது. "சாமி மரியாதையத் திருப்பிக் குடுக்கிறீங்களா? அப்ப நீங்க அவன் ஆளு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா."

"நான் யார் ஆளும் இல்ல தம்பி. நான் வேன் ஓட்டுறவன்!"

இதை அவர் மேல் லயத்திலும் கத்தினார், கீழ் லயத்திலும் கத்தினார். கேட்க ஆள் இல்லை. மேல் லயத்தில் வேறு வண்டி கிடைக்காததால் மட்டும் அந்தப் பதினொரு பிள்ளைகளும் முறைத்துக்கொண்டே ஏறினார்கள். கீழ் லயத்துக்காரர்கள் காய்கறி ஏற்றும் பழைய பிக்கப் ஒன்றைப் பிடித்தார்கள். சீட் இல்லை, கூரை இல்லை. ஒன்பது பிள்ளைகள் பின்னால் நின்றபடி, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் போனார்கள். இரண்டு வாரம் ஹரிதாஸ் அந்தப் பிக்கப்பின் பின்னால் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். என்னமோ ஆகட்டும், நான் எந்தப் பக்கமும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பரீட்சைக்கு முந்தைய வியாழக்கிழமை, தொழிற்சாலை வளைவில் பிக்கப் வழுக்கித் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கியது. செடி தாங்கியது, இல்லாவிட்டால் கீழே ஓடை. தவமலர் சேற்றிலிருந்து எழுந்தாள். முழங்கை கிழிந்திருந்தது. ஹரிதாஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"வேன்ல ஏறும்மா."

"அப்பா திட்டுவாரு அங்கிள்." பிக்கப்பை ரோட்டுக்கு இழுத்ததும் அவள் அழுதுகொண்டே அதில் திரும்ப ஏறினாள்.

திங்கட்கிழமை காலை. பரீட்சை. ஆறு மணிக்கு மேல் லயத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஹரிதாஸ், முச்சந்தியில் வேனைக் குறுக்காக நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதிரே பிக்கப் வந்து நின்றது. பின்னால் சின்னக்கருப்பன் மோட்டார் சைக்கிளில் வந்தார். சத்தம் கேட்டு சசிதரனும் இறங்கி வந்தார்.

"வண்டிய எடுடா ஹரி!" என்றார் சின்னக்கருப்பன்.

"எடுக்க மாட்டேன். இருபது பிள்ளைங்களும் இந்த வேன்ல ஏறணும். இல்லன்னா இந்த ரோட்டத் தாண்டி ஒரு சக்கரம் போகாது."

"எங்க பிள்ளைங்க ஏறியாச்சே, எங்கள ஏன் மறிக்கிறீங்க?" என்றார் சசிதரன்.

"கம்பி ஏத்தச் சொன்னது யாரு? தலையில துணி கட்டுனது யாரு? நீங்க பேசாதீங்க!"

"பாத்தியா, அவன் பேச்சக் கேட்டுத்தான் ரோட்ட மறிக்கிறான்" என்றார் சின்னக்கருப்பன்.

"யோவ், இப்பத்தானே அவரு என்னை மூஞ்சிக்கு நேரா ஏசினாரு, கேக்கலயா?" என்றார் சசிதரன்.

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் ஹரிதாஸின் சட்டைப்பைக்குக் கை நீட்டினார்கள். அவர் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்றார். சட்டை கிழிந்தது.

அந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவில் தவமலர் பிக்கப்பிலிருந்து குதித்தாள். கட்டுப்போட்ட கையால் வேன் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"எங்கடி போற?" என்றார் சின்னக்கருப்பன்.

"பரீட்சை உங்களுக்கு இல்லப்பா, எனக்கு."

முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். மற்ற எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இறங்கி ஓடி வந்து ஏறினார்கள். மேல் லயத்துப் பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தலைவர்களின் கை தளர்ந்தது. ஹரிதாஸ் வண்டியை எடுத்தார். பரீட்சை மண்டபம் திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள்.

மத்தியானம் தோட்டத்துக் கணக்கரான கிராணி அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். மேனேஜருக்கு எழுதிய புகார். 'பொது வழியை மறித்து, பிள்ளைகளை வலுக்கட்டாயமாக ஏற்றிய ஹரிதாஸ் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.' கீழே இரண்டு கையெழுத்து, இரண்டு கமிட்டி முத்திரை, பக்கத்தில் பக்கத்தில்.

"மூணு வருசத்துல ரெண்டு பேரும் சேந்து போட்ட முத கையெழுத்து இது" என்றார் கிராணி. "என்னத்தத்தான்யா செஞ்சீங்க?"

"வேன் ஓட்டினேன்" என்றார் ஹரிதாஸ் எரிச்சலோடு.

மறுநாள் காலை அவர் கீழ் லயத்து நிறுத்தத்துக்குப் போனபோது ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள். சின்னக்கருப்பன் வாசலில் நின்று முறைத்தார், தடுக்கவில்லை.

"அங்கிள், இப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கதவ நல்லாச் சாத்து" என்றார் ஹரிதாஸ். "பரீட்சைக்கு நேரமாகுது."